சிவப்புதான் மைனஸ்

காலையில் கோட்டையூர்.
பலகாரக் கம்பெனியின் எண்ணெய்க் கொப்பரைக்குள்
என் கம்பி முங்கிக் கிடந்தது,
ஈர்க்குப் பருமனில், எஃகுச் சட்டை போட்டுக்கொண்டு.
நூற்று எண்பத்திரண்டு என்றது பெட்டி.
சீப்புச் சீடை பொரிந்து மேலே வந்தது.
அழகம்மை கையெழுத்துப் போட்டாள்,
ரெண்டு பொட்டலம் தந்தாள், கிளம்பினோம்.

பழைய செஞ்சை தாண்டுமுன் போன்.
எரிவாயு மயானத்திலிருந்து வெள்ளைக்கண்ணு:
"எரிய எரிய இறங்குதுங்க."
என்னது?
"சூடுதான். நாலு மணிக்கு ஒரு வண்டி வருது, வாங்க."

போனோம்.
உலை காலி. சோதனைக்குப் பற்றவைத்தான்.
நாற்பத்தொன்றில் நின்ற எண்
இருபது, ஐந்து, பூஜ்யம், மைனஸ் முப்பது.
செங்கல் சிவக்கத் தொடங்கியிருந்தது.
பெட்டிக்கோ அது இமயமலை.
இன்னும் குளிர்கிறதே, இன்னும் குளிர்கிறதே என்று
பர்னரைத் திறந்து வைத்துக்கொண்டே போனது.
வெள்ளைக்கண்ணு வால்வைக் கையால் அடைத்தான்.

நேற்று யாரோ எலக்ட்ரீசியன் வந்தானாம்.
மூடியைக் கழற்றுமுன்பே தெரிந்துவிட்டது.
சிவப்பைப் பிளஸில் மாட்டியிருப்பான்.
உலகமெல்லாம் சிவப்பு பிளஸ்,
இந்தக் கேபிளில் மட்டும் சிவப்புதான் மைனஸ்.
யார் வைத்த சட்டமோ, வைத்தவன் கையில் கிடைக்கவில்லை.

ஆசிக் டார்ச் பிடித்தபடி கேட்டான்:
"தெர்மோகப்பிள்ங்கிறீங்களே,
இதுல யாரு மாப்பிள்ளை, யாரு பொண்ணு?"
குரோமல் ஒன்று, அலுமல் ஒன்று.
ரெண்டிலும் நிக்கல்தான் அதிகம், ஆனாலும் வேற வேற கோயில்.
ஒரே கோயில் பங்காளிக்குள்
இந்த ஊரில் சம்பந்தம் பேசுவார்களா?
அப்படித்தான். ஒரே உலோகத்தில் ரெண்டு கம்பியை முறுக்கி
எரிமலையில் போடு, ஒரு மைக்ரோவோல்ட் வராது.

வேற வேறயாக இருந்தால்
ஒரு நுனியைச் சேர்த்துப் பற்றவை, கடுகளவு மணி.
மறு நுனிகள் பிரிந்தே பெட்டிக்கு வரட்டும்.
சூட்டுப் பக்கத்து எலக்ட்ரான் குளிர்ந்த பக்கம் ஒதுங்கப் பார்க்கும்.
ஒரு கம்பியில் ஒதுங்குவதுபோல் மற்றதில் ஒதுங்காது.
அந்த ஏறுக்குமாறுதான் நமக்குச் சம்பளம்.
எல்லோரும் மணியில் பிறக்கிறது என்பார்கள்,
இல்லை, சூடு சரியும் வழிநெடுகச்
சேர்த்துச் சேர்த்துக் கொண்டுவருகிறது கம்பி.
டிகிரிக்கு நாற்பத்தொரு மைக்ரோவோல்ட், ஏறக்குறைய.
பேட்டரி கிடையாது.

"அப்ப இது சூட்டைச் சொல்லலையா?"
வித்தியாசத்தைச் சொல்கிறது.
இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் எவ்வளவு தூரம் என்று மட்டும்.
அதனால் பெட்டி முதலில் தன் சூட்டைத் தானே பார்த்து
அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.
பெட்டிப் பக்கத்துக்குக் குளிர்முனை என்று பெயர்.
சித்திரை மாதம், காரைக்குடி,
தகரக் கூரைக்கடியில் நாற்பத்தொன்று.
குளிர்முனை!
ஆசிக் சிரித்தான், டார்ச் ஆடியது.
அதட்டினேன்.

திருகைத் தளர்த்தி, மாற்றி, இறுக்கினேன்.
முந்நூற்று எண்பது. நானூறு. ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
ஏறுகிற எண்ணை வெள்ளைக்கண்ணு
பஸ் நம்பர் பார்ப்பதுபோல் பார்த்தான்.

வண்டி நாலே காலுக்கு வந்தது.
பில் எழுதிக்கொண்டிருந்த நான் பேனாவை மூடினேன்.
சட்டையில்லாத ஒருவர், ஐம்பது வயதிருக்கும்,
தலை புதிதாய் மழித்தது, பெட்டியருகில் வந்து நின்று
"இந்த நம்பர் எதுக்கு?" என்றார்.
உள்ள இருக்கிற சூடுங்க.
"தொட்டுப் பாக்குதா?"
ஆமாங்க, ஒரு கம்பி உள்ள நிக்குது.
"அவரு கூடவேயா?"
ஆமாங்க.

கதவு திறந்தது. எண் இறங்கியது.
எண்ணூறிலிருந்து எழுநூற்று நாற்பதுக்கு.
ஆசிக் பதறி என்னைப் பார்த்தான்.
இது சரியான இறக்கம், வெளிக்காற்று நுழைந்தால் இறங்கத்தான் வேண்டும்.
சொல்லவில்லை, கையை மட்டும் அமர்த்தினேன்.

கதவு மூடிற்று. மெல்ல ஏறியது.
எண்ணூறு தொடும்போது அந்தக் கம்பி அனுப்புவது
முப்பத்து மூன்று மில்லிவோல்ட்,
டார்ச் கட்டையில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை.

வண்டிப் பெட்டியில் சீடைப் பொட்டலம் இருந்தது.
ராஸ்தா தாண்டும்வரை ரெண்டு பேரும் பிரிக்கவில்லை.